தட்டம் வராத வீடு

கொரக்கஸ்தென்னையில் றம்லத் கேக் அடிக்கத் தொடங்கினால் சேவல்கள் கூவுவதை விட்டுவிட்டு மோப்பம் பிடிக்கும் என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். தள்ளிய பிறகு மிஞ்சும் பாதியே மற்ற ஊர்களின் முழுக் கதையைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு வருடம் அவள் சுட்ட பட்டர் கேக் ஒன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் த்ரீவீல் குலுங்கிய குலுக்கலில் வழுக்கி மகாவலிக்குள் விழுந்துவிட்டதாம். அன்றிலிருந்து மீன்களெல்லாம் பாலத்தடியிலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றனவாம். கீழே பொல்கொல்லை அணைப்பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் வெறும் வாளியோடு வீடு திரும்பி, றம்லத்தின் ஏழு தலைமுறையையும் திட்டினார்களாம். திட்டியவர்களுக்கும் அடுத்த பெருநாளுக்கு அவள் கேக் அனுப்பினாள். இது மட்டும் கூட்டாமல் குறைக்காமல் உண்மை.

பிலிமத்தலாவையில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். மரக்கறி லொறி ஓட்டிய மஹ்மூதைக் கட்டிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி மலைச்சரிவில் ஏறும் இந்த ஊருக்கு வந்தாள். நுவரெலியாவில் லீக்ஸ் ஏற்றி கொழும்பில் இறக்கும்வரை மஹ்மூத் கண் மூடமாட்டார் என்றும், கடுகண்ணாவ இறக்கத்தில் அவர் மூடினாலும் லொறி தானாகவே வளைவுகளை எடுத்துக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லை. அதற்காக அவள் வீட்டுக் குசினி ஒருநாளும் ஓயவில்லை. அந்த ஊரில் பிறந்த குழந்தைகள் முதலில் தாய்ப்பால் குடித்தன, அடுத்ததாக றம்லத்தின் கருப்பட்டி வட்டலப்பம் தின்றன. கல்யாண வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் முதலில் போகும் சட்டி அவளுடையது. எவராவது அவளுக்கு ஒரு கோப்பை கஞ்சி அனுப்பினால் அந்தக் கோப்பை அசர் தொழுகைக்கு முன் நிறைந்து திரும்பிப் போய்விடும்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருடம் தட்டம் வரவில்லை.

கொரக்கஸ்தென்னையின் ஞாயிற்றுப் பொல, அதாவது வாரச் சந்தை, வருடத்தில் ஒருமுறை தர்மச் சந்தையாக மாறும். தோட்டக்காரர்கள் போஞ்சியும் ஈரப்பலாக்காயும் ரம்புட்டானும் கொண்டுவந்து ஒரு பங்கைத் தர்மத்துக்கு விடுவார்கள். மாதர் சங்கம் கேக்கும் பணியாரமும் விற்கும். அந்த வாரத்தில் சங்கத்துப் பெண்கள் வீடுவீடாக வெறும் அலுமினியத் தட்டங்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு காலை அவை நிறைந்து வரும். விற்று வரும் பணமெல்லாம் கஷ்டத்திலிருக்கும் ஒரு வீட்டுக்கு. எந்த வீடு என்று பள்ளிவாசல் பொறுப்பாளர் நபீல் ஹாஜியாருக்கும் சங்கத்தில் ஓரிருவருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கேட்கவும் கூடாது, கேட்டால் சொல்லவும் கூடாது. வாங்குகிற வீட்டின் முகம் வாடக்கூடாது என்று இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே றம்லத்தான். நெடுங்காலம் சங்கத்தின் தலைவி அவள். முழங்கால் வலி என்று பொய் சொல்லி இந்த வருடம் விலகியிருந்தாள்.

"கீழ்வூட்டுக்கு வந்தீக்கி, மேல்வூட்டுக்கு வந்தீக்கி. நடுவுல ஈக்கிற என்ட வூடு மட்டும் அவளுகட கண்ணுல படல்ல. புதுச் செயலாளர் பஸ்லினாவாம்! பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்கிற புள்ள, ஊர்ல எத்தின வூடுன்னு தெரியா" என்று குசினியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

முன்னறையில் கதிரையில் சாய்ந்திருந்த மஹ்மூத் மெல்ல இருமினார். "விடு புள்ள. ஒரு வருஷம் சும்மா இரேன்."

"சும்மா ஈக்கிறதா? நான் மௌத்தாப் போனன்னு நெனச்சிக்குவாங்க."

"நான் சொல்றதக் கேளு. போகவேணாம்."

"நீங்க கஞ்சியக் குடிங்க."

இரண்டு கேக்கும் ஒரு பெரிய சட்டி வட்டலப்பமும் செய்தாள். தட்டம் கொடுக்காதவர்களுக்குச் சொந்தத் தட்டத்திலேயே கொண்டுபோய்க் காட்டுவது என்று முடிவு.

முழங்கால் வலி பொய் என்று சொன்னோம். உண்மையான வலி கதிரையில் சாய்ந்திருந்தது. மஹ்மூதின் இருதயம் பழுது. கண்டியில் பெரிய டொக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மஹ்மூத் உள்ளே சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, விறாந்தையில் வைத்து றம்லத்திடம் தணிந்த குரலில் சொன்னார்: ஒபரேஷன் செய்ய முடியாது, இந்த இருதயம் கத்தியைத் தாங்காது, குளிசைகளைக் கொடுங்கள், மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த மஹ்மூத், "எப்ப ஒபரேஷன்?" என்று கேட்டார். கடைக்குப் போகிற பிள்ளை கேட்பதுபோல் ஆசையாகக் கேட்டார். றம்லத்தின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது: "டேட் வரும். வரிசை நீளமாம்."

அன்று தொடங்கிய வரிசை அது. கதை கட்டுவதில் அந்த ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. முன்னுக்கு யார் யார் என்று மஹ்மூத் கேட்கக் கேட்க, குருநாகலில் ஒரு பாடசாலை அதிபர், மாத்தளையில் ஒரு பௌத்த துறவி, ஹட்டனில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் என்று ஆட்களைப் பெற்றுப்போட்டாள். அதிபருக்குச் சீனி வியாதியும் இருந்தது. துறவி ஊசிக்குப் பயந்தவர். ஹட்டன் பெண்ணுக்கு மூன்று குமரிகள், பாவம். மஹ்மூத் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். "அந்த ஹட்டன் பொம்பளக்கு முடிஞ்சதா?" என்று காலையில் விசாரிப்பார். தொழுகைக்குப் பின் அவளுக்காகக் கையேந்துவார். றம்லத் அந்தப் பக்கம் திரும்பி அடுப்பை ஊதுவாள், அது காஸ் அடுப்பாக இருந்தாலும்.

இது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அவள் காத்துவந்தது அந்த ஒன்றைத்தான். அவர் மூச்சு வாங்கினாலும் நாளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசும்வரை இருப்பார் என்று அவள் நம்பினாள்.

ஞாயிறு காலை பொல களைகட்டியிருந்தது. பூசணிக்காய்கள் தங்களுக்குள் வம்பளப்பதுபோல் கூடிக் குந்தியிருந்தன. தேங்காய் வியாபாரி சிங்களத்தில் விலை கூவ, மீன்காரர் தமிழில் அதைக் கிண்டலடித்தார். றம்லத் சொந்தத் தட்டத்தோடு மாதர் சங்கத்தின் கொட்டகைக்குள் நுழைந்ததும், அங்கிருந்த பெண்களின் பேச்சு அறுந்தது. பஸ்லினாவின் கையிலிருந்த கேக் கத்தி அப்படியே நின்றது.

"தாத்தா... நீங்க வந்தீங்களா?" என்றாள். அங்கே மூத்தவளைத் தாத்தா என்றும் மூத்தவரை நானா என்றும் கூப்பிடுவதுதான் வழக்கம்.

"ஏன், வரப்படாதா? தட்டம் வரல்ல, தவறியிருக்கும். நான் தவறல்ல."

"இல்ல தாத்தா, அது... ஒங்களுக்கு முழங்கால் வலின்னு..."

"கேக் அடிக்கிறது கையால புள்ள, முழங்காலால இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி போய் றம்லத்துக்குக் கதிரை கொண்டுவந்தாள். இன்னொருத்தி அவள் கையிலிருந்த தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். செய்த தவறுக்கு வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்து றம்லத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மன்னித்துவிட்டாள். மன்னித்தபின் விற்பனையை எடுத்துக்கொண்டாள். "வாங்க மாத்தயா, இந்தக் கேக்கத் தின்னா ஒங்கட மனிசி ஒரு மாசத்துக்கு ஏசமாட்டா" என்று சிங்களமும் தமிழும் கலந்து கூவினாள். ரம்புட்டான் வாங்க வந்தவர்கள் ரம்புட்டானை மறந்தார்கள். முறைத்துக்கொண்டு திரிந்த இரண்டு அண்ணன் தம்பி ஒரே வட்டலப்பக் கோப்பையில் இரண்டு கரண்டி போட்டுத் தின்றதாக ஊரில் இன்றும் பேச்சு. சங்கம் கண்ட விற்பனைகளிலேயே பெரியது அது.

பக்கத்துக் கொட்டகையில் புஷ்பம் வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தாள். மஹய்யாவையைச் சேர்ந்தவள், புருஷன் மாநகரசபையில் வேலை. இந்தப் பொலவுக்கு இவ்வருடம்தான் வரத் தொடங்கியிருந்தாள். கூட்டம் சற்றுக் குறைந்ததும் றம்லத் ஒரு துண்டுக் கேக்கோடு அவளருகே போய்க் குந்தினாள்.

"என்னாக்கா இது, வாயில போட்டா கரைஞ்சு போகுது! யாருக்காக்கா இம்புட்டுப் பாடு?"

"ஒரு வூட்டுக்கு."

"எந்த வூடுன்னு தெரியாமலா இத்தனை பேரு செய்றீங்க?"

"தெரியப்படாது. அதான் எங்கட வழக்கம். நான்தான் வெச்ச." றம்லத் குரலைத் தாழ்த்தினாள். வழக்கத்தை வைத்தவளுக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "எனக்கு நெனப்பு, அந்த வளைவுல புதுசா ஓடு போட்டவர்தான். கடன் வாங்கி ஓடு போட்டா இப்பிடித்தான். பொஞ்சாதிக்குத் தெரியாமப் போய் ஹாஜியார்ட கேட்டீப்பாரு. அவளுக்குத் தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் சாவா."

"பாவங்க்கா. அப்ப அந்தம்மாவும் தெரியாம இங்க கேக் கொண்டாந்து விப்பாங்களோ?"

"சீ, அது எப்பிடி? அந்த வூட்டுக்குத்தான் நாங்க தட்டமே குடுக்கமாட்டமே. வாங்குற வூட்டுக்கிட்டயே குடுன்னு கேக்கலாமா? ஊர்ல எல்லா வூட்டுக்கும் தட்டம் போகும். அந்த ஒரு வூட்டுக்கு மட்டும்..."

வசனம் முடியவில்லை.

புஷ்பம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மட்டும்?" என்றாள்.

றம்லத் கையிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்கு வந்தது. மேல்வீட்டுக்கு வந்தது. கதிரை கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு கையால் ஏந்தினார்கள். சிரிக்கவில்லை.

"அக்கா, என்னாச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?"

அவள் எழுந்து, சந்தையின் மறு மூலையில் ஒலிபெருக்கிக்காரரோடு நின்ற நபீல் ஹாஜியாரிடம் போனாள். அந்த மனிதரின் வாய்க்குப் பூட்டு வெளியில் இல்லை, பிறக்கும்போதே உள்ளே வைத்துத்தான் அனுப்பினார்கள் என்பார்கள். அவள் முகத்தைக் கண்டதும் அந்தப் பூட்டுத் திறந்துகொண்டது.

"கோவிக்காதீங்க. மஹ்மூத் நானாவே என்ட கடைக்கு நடந்து வந்த. 'இந்த வரிசையில நிண்டா நான் முடிஞ்சிருவன் ஹாஜியார், அந்த ஹட்டன் பொம்பளக்கே இன்னும் நாள் வரல்ல, கொழும்புல காசுக்குச் செஞ்சா ஒடன செய்யலாமாமே, றம்லத்துக்குத் தெரியப் போடாதீங்க'ன்னு சொன்ன. புதன்கெழம அங்க டொக்டரக் காட்ட எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சி. வேனும் பேசியாச்சி."

அவள் கட்டிய வரிசைதான் அவரைக் கடை ஏறவைத்தது.

"எனத்துக்கு ஹாஜியார் இப்பிடிச் செஞ்சீங்க?"

"ஒங்கட சோறு தின்னாத வூடு ஒண்டு இந்த ஊர்ல ஈக்கா? கேட்டதும் சனம் மிச்சம் சந்தோஷமாத்தான் ஓடி வந்த. பேரு தெரிஞ்சது எங்க மூணு பேருக்குத்தான். மத்தவங்க தட்டம் போகாததுல கண்டுபிடிச்சிட்டாங்க போல."

ஒபரேஷன் செய்ய ஏலாது ஹாஜியார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வாயெடுத்தாள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்து, ஏலம் தொடங்கப்போகிறது என்று அலறியது.

ஏலத்துக்கு வைப்பது அந்த வருடத்தின் மிகச் சிறந்த கேக்கை. வழக்கம்போல அது றம்லத்தின் கேக். கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கும் மயில்வாகனம் முதலாளி வழக்கம்போல முன்னுக்கு நின்று விலை சொன்னார். அவருக்கு மேலே ஒரு குரல் பின்னாலிருந்து கூட்டிக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

மஹ்மூத். இஸ்திரி போட்ட சேர்ட், பெருநாள் தொப்பி. அவளுக்குத் தெரிந்தவரை பல நாளாக வாசற்படிக்கு அப்பால் போகாத மனிதர் தனியாக த்ரீவீலில் ஏறி வந்து, ஒரு வாழைக்குலைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைபோல் நின்றார்.

"நானா, ஒங்கட வூட்டுக் கேக்க நீங்களே ஏலத்துல எடுக்கிறீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வூட்டுல எங்க தாரா! சீனி கூடாதாம், நெய் கூடாதாம், முட்ட கூடாதாம். இஞ்ச வந்து வெலைக்கி வாங்கினாத்தான் உண்டு!"

சந்தை முழுவதும் சிரித்தது. தோட்டக்காரர்கள் சிங்களத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை சிரித்தார்கள். மயில்வாகனம் கையை உயர்த்தினார். "நான் விட்டுட்டேன்ப்பா. புருஷனோட போட்டி போட்டு அந்தம்மா கேக்கை எடுத்தா, அடுத்த வருஷம் எனக்குக் கேக்குல உப்பைப் போட்டுருவாங்க."

தனக்காக நடக்கும் ஏலம் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காகவே மஹ்மூத் விலை கேட்டார். றம்லத்துக்கு அது விளங்கியது. அங்கே நின்ற பாதிப் பேருக்கும் விளங்கியது. எல்லாரும் விளங்காததுபோல் கைதட்டினார்கள். அவர் கேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அவளிடம் வந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்து எவ்வளவோ காலம்.

புஷ்பத்தின் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டிகளில் இருவரும் இருந்தார்கள். அவர் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் தடுக்கவில்லை. அதிலேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஒண்டு சொல்ற, கோவிக்காத" என்றார். "தட்டம் வராதது பஸ்லினாட பிழ இல்ல."

"தெரியும்."

"தெரியுமா? ஹாஜியார் சொல்லிட்டாரா! சரி, அப்ப நல்லதாப் போச்சி. ஒனக்கு வெக்கம்தான், எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் ஒன்னோட ஈக்கணும்னு ஆசையா ஈக்கி புள்ள. அதான் கேட்ட. புதன்கெழம போறம். கொழும்பு றோட்டு எனக்கு என்ட உள்ளங்கை மாதிரி. வேன்காரனுக்கு நானே வளைவெல்லாம் சொல்லிக் குடுக்கிற." மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடும் சிரித்தார். "ஒனக்குச் சந்தோஷம் இல்லையா?"

புதன்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு புது டொக்டர் இருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு வேகமான சிங்களத்தில் சொல்வார். அடுத்த நோயாளி கதவருகே நின்றுகொண்டிருப்பார். அந்த அறையில் இவர் அதைக் கேட்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் கதை சொன்ன வாயில் ஒரு கதையும் வரவில்லை.

"ஒபரேஷன் செய்ய ஏலாதாம்" என்றாள்.

"எங்க?"

"எங்கயும். ஒங்கட இருதயம் தாங்காதாம். கண்டி டொக்டர் அண்டைக்கே என்கிட்டச் சொன்ன. நான்தான் ஒங்ககிட்ட மறச்ச."

அவர் வாயிலிருந்த கேக்கை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. கொட்டகைக்கு அந்தப் பக்கம் புஷ்பம் யாரிடமோ வல்லாரை இரண்டு கட்டு எடுங்க, புதுசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வரிச?"

"வரிச இல்ல."

"ஹட்டன் பொம்பள?"

"அப்பிடி ஒருத்தி இல்லங்க."

"குமரிப் புள்ளைகள் மூணு பேரு..." என்றார். அவள் அழவில்லை. அவர் அழுதால் தானும் அழலாம் என்று காத்திருந்தாள். அவரும் அழவில்லை. வாயிலிருந்ததை ஒருவாறு விழுங்கிவிட்டு, விரலில் ஒட்டிய துகளைச் சாரத்தில் துடைத்தார்.

"ஹாஜியார்கிட்டச் சொல்லு. சனம் ஒண்டுக்குன்னு குடுத்தத வேறொண்டுக்கு வெச்சிக்கொள்ளப்படாது. வேற வூட்டுக்குப் போகட்டும்."

"நாளைக்குச் சொல்றன்."

"இப்பயே போ. நாளைக்கின்னா மனசு மாறும். எனக்குத்தான் மாறும்."

அவள் போனாள். ஹாஜியார் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வேனை நிறுத்திவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். கொட்டகையில் பெண்கள் துடைத்தெடுத்த வெறும் தட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, இந்த வருடம்போல் எந்த வருடமும் இல்லை என்று சத்தமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்லினா ஓடிவந்து றம்லத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் சரியாகும் தாத்தா, இன்ஷா அல்லாஹ்" என்று காதோடு சொன்னாள். றம்லத் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது மஹ்மூத் அதே பெட்டியில், கேக் மடியில் இருக்க, மரக்கறி லொறிகளில் மிச்சம் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீக்ஸ் மூட்டய அடியில போடுறான், மடையன். கடுகண்ணாவ போகமுன்ன நசுங்கிரும்" என்றார். சற்றுக் கழித்து, "கொழும்ப ஒருக்காப் பார்த்தீக்கலாம்" என்றார்.

"போவமே. சும்மா போவம்."

"சும்மா எனத்துக்கு?"

அவள் த்ரீவீலைக் கூப்பிட்டாள். காலையில் அவரை ஏற்றிவந்த அதே பையன்தான். "என்ன நானா, கேக்க ஏலத்துல வெண்டிட்டீங்களாமே!" என்று பல்லைக் காட்டினான். மஹ்மூத் சிரிக்கப் பார்த்தார். இடக்காலைத் தூக்கிப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்தார். வலக்கால் நிலத்திலேயே நின்றது. ஒருமுறை எம்பினார், முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி, யாரோ மறந்து விட்டுப்போன சாமான்போல அப்படியே நின்றார்.

"காலையில தனியாத்தானே குதிச்சு ஏறினீங்க" என்றான் பையன்.

றம்லத் கேக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தன் தோளை அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்து, பிஸ்மில்லாஹ் என்று தூக்கினாள். அவர் பாரமே இருக்கவில்லை.